டெப்ளாய் ஃபெயில் ஆகுதா? தப்பு உங்க கோட்லயா, கிளவுட்லயா? கண்டுபிடிப்பது எப்படி?

ஆப்பின் புதிய வெர்ஷனை கிளவுடில் ஏற்றுகிறீர்கள். பத்து நிமிடம் சுற்றிவிட்டு 'ஃபெயில்டு' என்று வந்து நிற்கிறது. மறுபடியும் பட்டனை அழுத்தினால், மறுபடியும் அதே கதை. இந்த நேரத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: கோளாறு நம்ம பக்கமா, பிளாட்ஃபார்ம் பக்கமா?

தீபாவளி அன்று நடந்தது என்ன?

2025 அக்டோபர் 20, தீபாவளி நாள். இந்திய நேரப்படி பகல் 12.18 மணிக்கு, அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் உள்ள அமேசான் கிளவுடில் சிக்கல் தொடங்கியது. டைனமோடிபி என்ற டேட்டாபேஸ் சேவையின் டிஎன்எஸ் பதிவு காலியாகிவிட்டது. அதாவது வீடு இருக்கு, ஆனா அட்ரஸ் அழிஞ்சு போச்சு. ஸ்னாப்சாட், சிக்னல் போன்ற ஆப்கள் முடங்கின.

சுமார் 3 மணி நேரத்தில் அது சரியானது. ஆனால் சிக்கல் அதோடு முடியவில்லை. புதிய சர்வர்களைத் தொடங்கித் தரும் சிஸ்டத்தில் வேலைகள் குவிந்துவிட்டன. ஒரு வேலை முடிவதற்குள் நேரம் கடந்துவிட, அதே வேலை மீண்டும் வரிசையில் சேர்ந்தது. ஏற்கெனவே ஓடிய சர்வர்கள் நிற்கவில்லை. புதிய சர்வர் கேட்டவர்களுக்குத்தான் 'லிமிட் தாண்டிவிட்டது', 'இடமில்லை' என்ற எரர் வந்தது. வரும் கோரிக்கைகளை மட்டுப்படுத்தித்தான் இன்ஜினியர்கள் நிலைமையைச் சமாளித்தனர். முழுமையாகச் சரியானபோது இங்கே மறுநாள் அதிகாலை 2.20 மணி.

எரர் என்ன சொல்கிறது?

முதலில் கிளவுட் நிறுவனத்தின் ஸ்டேட்டஸ் பக்கத்தைப் பாருங்கள். அடுத்து லாக். குபர்நெட்டீஸ் பயன்படுத்துபவர்கள் கவனிக்க வேண்டியவை:

• பெண்டிங்: பெரும்பாலும் இடம் கிடைக்கலைன்னு அர்த்தம். நீங்கள் கேட்ட மெமரி, சிபியு எந்த நோடிலும் காலியாக இல்லை.

• இமேஜ்புல்பேக்ஆஃப்: இமேஜ் பெயர் அல்லது டேக் தப்பு, அனுமதி இல்லை, அல்லது ரெஜிஸ்ட்ரி திணறுகிறது.

• கிராஷ்லூப்பேக்ஆஃப்: ஆப் தொடங்கித் தொடங்கி விழுகிறது. பெரும்பாலும் கோட் அல்லது செட்டிங்ஸ் பிரச்சினைதான்.

• ஓஓஎம்கில்டு, எக்ஸிட் கோட் 137: ஒதுக்கிய மெமரி போதவில்லை.

• 429 அல்லது 503: 429 என்றால் கோரிக்கைகள் அளவுக்கு மீறிவிட்டன. 503 என்றால் சேவை இப்போது பதில் தரும் நிலையில் இல்லை.

குழப்பமா? நேற்று வரை ஓடிய பழைய வெர்ஷனை டெஸ்ட் சூழலில் ஏற்றிப் பாருங்கள். அதுவும் ஃபெயில் ஆனால், புதிய கோட் மீது பழி போட வேண்டாம்.

செய்யவே கூடாத இரண்டு விஷயங்கள்

ஒன்று, ரீட்ரை பட்டனைத் தட்டிக்கொண்டே இருப்பது. எல்லோரும் அப்படிச் செய்தால் வரிசை இன்னும் நீளும். 1, 2, 4, 8 நிமிடம் என இடைவெளியைக் கூட்டிக்கொண்டே முயற்சி செய்யுங்கள். ஆட்டோமேட்டிக் ரீட்ரை என்றால் இடைவெளியைக் கொஞ்சம் முன்பின்னாக மாற்றி வையுங்கள். எல்லா சர்வரும் ஒரே நொடியில் போய் மோதாது.

இரண்டு, ஓடிக்கொண்டிருக்கும் பழைய வெர்ஷனை அழித்துவிட்டு 'ஃபிரெஷ்ஷா' ஆரம்பிப்பது. இடமே கிடைக்காத நேரத்தில் கையில் இருக்கும் சர்வரை விட்டுவிட்டால் திரும்பக் கிடைக்காமல் போகலாம். அப்புறம் புதுசும் இல்லை, பழசும் இல்லை; வாடிக்கையாளருக்கு ஆப்பே திறக்காது.