நூறு ஹெர்ட்ஸ் முனகல்

போன மாதம் பெரியப்பாவின் சின்தசைசரை உறை கழற்றி பிளக்கில் போட்டோம். 80களில் வாங்கின ஜப்பான் சாமான். எந்தக் கட்டையை அழுத்தினாலும் ஒரே "ம்ம்ம்". பெரியப்பா "அது செத்துப்போச்சு" என்று விட்டுவிட்டார். உட்துறைமுக வீதிப் பக்கம் ரேடியோ திருத்துற ஐயாவிடம் கொண்டுபோனேன். மூடியைக் கழற்றவே இல்லை. காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டார். "பவர் சப்ளை பிள்ளை. மற்றதெல்லாம் உயிரோட இருக்கும்" என்றார்.

கேட்டே எப்படிச் சொன்னார்? எங்கட வீட்டுக் கரண்ட் செக்கனுக்கு 50 தடவை முன்னும் பின்னுமாகப் போய்வருகிறது. டிரான்ஸ்ஃபோர்மர் 230 வோல்ட்டைக் குறைக்கிறது. டயோடுகள் அந்த அலையின் இரண்டு பாதியையும் ஒரே பக்கம் திருப்ப, செக்கனுக்கு 100 மேடுகள் வருகின்றன. மேடுகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தை நிரப்புவது கெப்பாசிட்டர், தண்ணீர்த் தொட்டி மாதிரி. அதற்குள் இருக்கிற திரவம் வருசக்கணக்கில் காய்ந்துபோனால் பள்ளம் நிரம்பாது, 100 ஹெர்ட்ஸ் முனகல் ஸ்பீக்கர் வரை வந்துவிடும். அமெரிக்காவில் கரண்ட் 60 தடவை போய்வருவதால் அங்கே அது 120. ஒரே மெஷின் திருகோணமலையில் ஒரு சுருதியிலும் நியூயோர்க்கில் இன்னொரு சுருதியிலும் முனகும்!

வெப்பம் 10 பாகை கூடினால் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. எங்கட வெயிலையும், சுவிட்சுகளை அரிக்கிற உப்புக் காற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

பழைய சின்தசைசர்களில் பிரச்சினை இரைச்சலோடு முடிவதில்லை. ரொபேர்ட் மூக் 1964இல் உருவாக்கிய கருவியில் சுருதியைத் தீர்மானிப்பதே மின்னழுத்தம்தான். ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏறும். அதாவது ஒரு அரைச்சுரத்துக்கு 83 மில்லிவோல்ட் மட்டும்தான். சப்ளை கொஞ்சம் ஆடினாலே பாட்டு சுருதி விலகும். அதனால்தான் திருத்துபவர்கள் முதலில் மல்டிமீட்டரைப் பவர் சப்ளையில் வைக்கிறார்கள்.

அந்த மூக் கருவி 1969இலேயே எங்கட பக்கம் வந்துவிட்டது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர் அதை அமைத்துக் கொடுத்தார். இதற்குப் பின்னால் இருந்தவர் கீதா சாராபாய். 1946இல் நியூயோர்க்கில் ஜோன் கேஜுக்கு இந்திய இசையைச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அவரும் ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும் 1972 வரை அங்கே மின்னணு இசை செய்தார்கள். பிறகு எல்லாம் மறந்துபோனது. பல வருசம் கழித்து போல் பர்காஸ் என்ற பிரித்தானியக் கலைஞர் நிறுவனத்தின் காப்பகத்தில் நாடாக்களைக் கண்டெடுத்தார். 2023இல் அவை இசைத்தட்டாக வந்தன. காப்பகம் என்று ஒன்று இருந்ததால்தான் இன்று அந்தப் பெயர்கள் எங்களுக்குத் தெரிகின்றன.

எங்கட பக்கம்? 1990க்குப் பிறகு பல வருசம் யாழ்ப்பாணத்தில் கரண்டே இருக்கவில்லை. பொருளாதாரத் தடையில் பற்றரியும் தடைசெய்யப்பட்ட சாமான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இல்லாவிட்டாலும் அதுவும் பவர் சப்ளையின் வரலாறுதான். ரேடியோவுக்கே அந்தப் பாடு என்றால் சின்தசைசர் வாசித்தவர்கள் என்ன செய்திருப்பார்கள்? பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருப்பார்கள். எங்கட இசைக்குழுக்களுக்கு மின்னணு இசை வரலாறு இல்லை என்று யாராவது சொன்னால், முதலில் எத்தனை வருசம் கரண்ட் இருந்தது என்று கேட்க வேண்டும்.

ஐயா மூன்று கெப்பாசிட்டரும் ஒரு ரெகுலேட்டரும் மாற்றினார். முனகல் போய்விட்டது. பெரியப்பா முதலில் தொடவே இல்லை. பிறகு இரண்டு விரலால் ஏதோ கல்யாண வீட்டுப் பாட்டு வாசித்தார். கூட வாசித்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் எழுதி வைத்தேன்.

உங்கட வீட்டிலும் பழைய கீபோர்ட் இருந்தால் நேரே பிளக்கில் போடாதீர்கள். நாங்கள் செய்த பிழை அது. நீண்டகாலம் சும்மா கிடந்த கெப்பாசிட்டர் ஒரேயடியாகக் கரண்ட் பட்டால் வெடிக்கவும் கூடும். திருத்தத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். திருத்தின பிறகு, அதை வாசித்தவரிடம் அவருடைய கதையைக் கேட்டு எழுதுங்கள். எங்களுக்கு இருக்கிற காப்பகம் இப்போதைக்கு அவ்வளவுதான்.