ரோசினாண்டேயின் பாரம்

1960-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், நியூயார்க் மாநிலத்தின் சாக் ஹார்பர் என்னும் கடலோரச் சிற்றூரில், ஜான் ஸ்டீன்பெக்கின் வீட்டிற்கு ஒரு புதிய வண்டி வந்து சேர்ந்தது. அப்போது அவருக்கு வயது 58. நோபல் பரிசு கிட்ட இன்னும் இரண்டாண்டுகள் இருந்தன. தாம் எந்த மக்களைப் பற்றி எழுதிவந்தாரோ அவர்களை நேரில் கண்டு கால் நூற்றாண்டாகிவிட்டது என்ற உறுத்தல் அவருக்கு இருந்தது. ஆகவே நாட்டை ஒருமுறை சுற்றிவர முடிவு செய்தார். அப்பயணத்தின் பதிவாக 1962-இல் வெளிவந்த ‘டிராவல்ஸ் வித் சார்லி’ என்னும் நூலை நம்மில் பலர் படித்திருப்போம். அந்நூலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் சார்லி என்னும் நாயைப் பற்றியே பேசுகின்றனர். நான் இங்கே அந்த வண்டியைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

அது ஜி.எம்.சி. நிறுவனத்தின் முக்கால் டன் பிக்கப். அதன் முதுகில் ஒரு சிறு வீடு பொருத்தப்பட்டிருந்தது. அமெரிக்கர்கள் அதைக் கேம்பர் என்பர். கட்டில், நான்கு அடுப்பு, குளிர்பெட்டி, எரிவாயு விளக்கு, பூச்சி புகாத வலைச் சன்னல் எல்லாம் அதற்குள் அடங்கியிருந்தன. சிறு படகொன்றின் உள்ளறையைப் போல அது அமைய வேண்டும் என்பதே ஸ்டீன்பெக்கின் விருப்பம். அவ்விருப்பம் திடீரென்று தோன்றியதன்று. 1940-இல் நண்பர் எட் ரிக்கெட்ஸுடன் ‘வெஸ்டர்ன் ஃபிளையர்’ என்னும் மீன்பிடி படகில் ஆறு வாரம் கலிபோர்னிய வளைகுடாவைச் சுற்றியவர் அவர். குறுகிய இடத்தில் வாழும் கலையைக் கடலில் கற்றிருந்தார். வண்டிக்கு டான் குயிக்ஸாட்டின் குதிரைப் பெயரான ரோசினாண்டே என்பதைச் சூட்டினார்.

பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர் வீட்டை அவர் ஏன் தேர்ந்தெடுக்கவில்லை? மலைச்சாலையில் அதைத் திருப்புவது கடினம், நிறுத்த இடம் கிடைக்காது, கட்டுப்பாடுகளும் மிகுதி என்று அவரே காரணம் கூறுகிறார். இன்று படகு வைத்திருப்போர் கேம்பரைத் தேடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீடு பின்னால் வந்தால் படகுக்கு இடமில்லை. வீடு முதுகில் ஏறிவிட்டால் கொக்கி படகுக்குக் கிடைக்கிறது. ஒரே பயணத்தில் உறங்க வீடும் மீன்பிடிக்கப் படகும் கைவரும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டில்தான் பலரும் ஏமாறுகின்றனர்.

ஏமாற்றம் ஒரு கணக்கில் இருக்கிறது. விளம்பரங்கள் இழுவைத்திறனைப் பெரிதாகச் சொல்லும். வண்டி தன் முதுகில் தாங்கும் சுமைதிறனோ ஓட்டுநர் கதவோரத்தில் சிறு எழுத்தில் ஒட்டப்பட்டிருக்கும். ஓர் இலகு பிக்கப்பின் சுமைதிறன் 700 கிலோ என்று கொள்வோம். இருவர் ஏறினால் 150 கிலோ. டிரெய்லரோடு சேர்த்து 1,400 கிலோ எடையுள்ள படகைப் பூட்டினால், அதில் ஏறத்தாழ 10 விழுக்காடு, அதாவது 140 கிலோ, கொக்கி வழியாக வண்டியின் மீதே அழுந்தும். சக்கரம் வைத்த பொருள்தானே, அதன் பாரம் நமக்கெதற்கு என்று எண்ணுவது பிழை. தண்ணீர், எரிவாயு, உணவு, துணிமணி என்று 110 கிலோ சேர்த்தால் எஞ்சுவது 300 கிலோதான். நிலைச்சுவர் கொண்ட கேம்பர்கள் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு எடையுள்ளவை. கூரை மடங்கும் மிக எளிய கூடு ஒன்றுதான் இதற்குள் ஒருவாறு அடங்கும். இல்லையேல் பெரிய வண்டி வாங்க வேண்டும். அல்லது படகைக் கரையில் விட வேண்டும். நான்காவது வழி கிடையாது. மயிற்பீலிதானே என்று அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்பதை வள்ளுவர் வலியறிதலில் சொல்லியிருக்கிறார். வண்டி மாறினாலும் அச்சின் இயல்பு மாறவில்லை.

அமெரிக்கர் இதைக் கற்றுக்கொண்ட வரலாறும் சுவையானது. உலகப் போருக்குப் பின் விடுமுறையும் பெருகியது, சாலையும் பெருகியது. 1956-இல் மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைச் சட்டம் நிறைவேறியது. உழவர்களும் தச்சர்களும் பயன்படுத்திய பிக்கப்பின் முதுகில் தாமே மரவீடு கட்டிக்கொண்டோர் பலர். 1950-களில் டான் ஹால் என்பவர், பயணத்தின்போது மேற்பாதி கீழ்ப்பாதியின்மீது இறங்கி அமர்ந்துகொள்ளும் ‘அலாஸ்கன்’ கேம்பரை உருவாக்கினார். காற்றின் தடையும் மேற்சுமையின் ஆட்டமும் அதனால் குறைந்தன. பெரிய நிறுவனங்கள் பின்னரே விழித்தன. கேம்பர் சுமப்பதற்கென்றே ஃபோர்டு 1965-இல் தனி வகை ஒன்றை வெளியிட்டது. செவ்ரோலே 1968-இல் பின்தட்டை எட்டரை அடியாக நீட்டியது. இந்நீட்சிக்குக் காரணம் உண்டு. கேம்பரின் எடைமையம் பின்னச்சுக்குப் பின்னால் விழுந்தால் முன்சக்கரங்கள் லேசாகித் திசைமாற்றி பிடிகொடாது. 1970-களில், எடைமையம் எங்கே விழ வேண்டும் என்பதை வாங்குவோருக்கு அறிவிக்க வேண்டும் என்று அரசே விதி செய்தது. அரை டன், முக்கால் டன் என்னும் பெயர்கள் ஒருகாலத்தில் உண்மையான சுமையளவைக் குறித்தவை. இன்று அவை வகைப்பெயர்களாக மட்டுமே எஞ்சியுள்ளன.

ஸ்டீன்பெக் அரை டன்னுக்குப் பதில் முக்கால் டன்னைக் கேட்டது நல்ல முடிவு. ஆனால் அந்த முன்யோசனையை அவரே தோற்கடித்தார். தகரத்தில் அடைத்த உணவு, கருவிப்பெட்டி, துப்பாக்கி, தூண்டில், தேவைக்கு மிஞ்சிய போர்வை, காலணி என்று ஏற்றிக்கொண்டே போனார். படிக்க வேண்டும் என்று நெடுநாளாக ஒதுக்கி வைத்திருந்த நூல்களை மட்டும் 150 பவுண்டு, அதாவது 68 கிலோ, ஏற்றினார். அவை என்றுமே படிக்கப்படாத நூல்கள் என்பதையும் அவரே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்கிறார். நம் வீட்டு அலமாரிகளை நினைத்துக்கொண்டால் நமக்கும் சிரிப்பு வரும்.

புறப்படும் முன்பு செப்டம்பர் 12 அன்று டோனா புயல் லாங் ஐலண்டைத் தாக்கியது. வீட்டின் முன் நங்கூரமிட்டிருந்த அவருடைய படகு ‘ஃபேர் எலேன்’. மனைவி எலேனின் பெயர் தாங்கியது. 22 அடி நீளம். அறுத்துக்கொண்டு வந்த வேறு படகுகள் அதன்மீது மோதின. ஸ்டீன்பெக் புயலுக்குள் இறங்கிப் படகில் ஏறி, அதை விடுவித்து, விரிகுடாவின் நடுவே கொண்டுபோய் நங்கூரமிட்டார். பிறகு நீரில் குதித்து, மிதந்துவந்த மரக்கிளையொன்றைப் பற்றிக் கரையேறினார். உயிரைப் பணயம் வைத்து மீட்ட அந்தப் படகை அவர் ரோசினாண்டேயின் பின்னால் பூட்டவில்லை. கரையில் விட்டுவிட்டு, செப்டம்பர் 23 அன்று சார்லியுடன் புறப்பட்டார்.

படகை விட்டும் பாரம் தீரவில்லை. ஒரெகன் மாநிலத்தில், மழை கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்சக்கர டயர் வெடித்தது. மிகைப்பாரமே காரணம். அந்த அளவுள்ள டயர் எளிதில் கிடைப்பதன்று. பெட்ரோல் நிலையத்து மனிதர் ஒருவர் அலைந்து தேடிப் பொருத்திக் கொடுத்தார். உப்பு வணிகர் தம் வண்டியடியில் சேம அச்சைக் கட்டிச் செல்லும் வழக்கத்தை ஔவையார் புறநானூற்றில் பதிவு செய்துள்ளார். மேடுபள்ளம் எங்கே வரும் என்று அறியாதவனே முன்னேற்பாடு செய்கிறான். ஸ்டீன்பெக்கிடம் நூல்களுக்கு இடமிருந்தது. அந்த முன்னேற்பாட்டுக்குத்தான் போதிய இடமில்லை.

இதுவரை சொன்னது நூல் தரும் சித்திரம். அரை நூற்றாண்டுக்குப் பின் வேறொரு சித்திரம் வெளிப்பட்டது. பில் ஸ்டைகர்வால்ட் என்னும் இதழாளர் 2010-இல் அதே பாதையில் பயணம் செய்து, கடிதங்களையும் கையெழுத்துப் படியையும் ஒப்பிட்டு, 2011-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். ஏறத்தாழ 75 நாள் பயணத்தில் 45 நாட்கள் எலேன் உடனிருந்தார் என்றும், தனியே கேம்பரில் கழிந்த இரவுகள் மிகச் சில என்றும் அவர் காட்டினார். வடக்கு டகோட்டாவின் ஆலிஸ் என்னும் ஊரருகே நாடக நடிகர் ஒருவரைச் சந்தித்து அங்கேயே இரவு தங்கியதாக நூலில் ஓர் அழகிய பகுதி உண்டு. அதே நாளிட்டு ஸ்டீன்பெக் மனைவிக்கு எழுதிய கடிதமோ, நெடுந்தொலைவு மேற்கே உள்ள பீச் என்னும் ஊரிலிருந்து வந்திருக்கிறது. 2012-இல் வந்த பொன்விழாப் பதிப்பின் முன்னுரை, இந்நூலை எழுத்துக்கு எழுத்து நம்ப வேண்டாம் என்று வாசகரை எச்சரித்தது.

பயண இலக்கியம் நடத்தும் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டார்: “அப்படியானால் இதைப் பயண நூல் என்று எப்படி ஐயா சொல்வது?” உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. பின்னர் யோசித்ததை இங்கே எழுதுகிறேன். வண்டியில் எதையும் விட மனம் வராத மனிதர், நூலில் தம் மனைவியின் பெரும்பகுதிப் பயணத்தையே இறக்கிவிட்டார். நாயோடு செல்லும் தனியன் என்னும் படிமம் நூலுக்குத் தேவைப்பட்டது. அதைத் தாங்குமளவுக்கு மற்றவற்றை எடுத்தெறிந்தார். வண்டியில் மிஞ்சிய பாரம் டயரை வெடிக்கச் செய்து உடனே காட்டிக்கொடுத்தது. நூலில் குறைத்த பாரம் வெளிப்பட ஐம்பது ஆண்டுகள் ஆயின.

அதனால் நூல் தள்ளத்தக்கது என்று நான் கருதவில்லை. தென்மாநிலமான லூசியானாவில் கறுப்பினக் குழந்தை ஒன்று பள்ளிக்குச் செல்லும்போது சுற்றிநின்று வசைபாடிய கூட்டத்தை அவர் எழுதிய பக்கங்கள் இன்றும் நெஞ்சைச் சுடுகின்றன. ஆனால் அந்தப் பக்கங்களை நம்பச் சொல்லும் நாமே, எவை புனைவு என்பதையும் மாணவருக்குச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பயண நூலாசிரியன் வாசகனிடம் கேட்பது நம்பிக்கை ஒன்றைத்தான். அதற்கும் ஒரு சுமைதிறன் உண்டு.

ரோசினாண்டே இப்போது ஸ்டீன்பெக் பிறந்த சலினாஸ் நகரில், அவர் பெயரிலமைந்த காட்சியகத்தில் நிற்கிறது. அதிலுள்ள கட்டில் இருவர் படுக்கும் கட்டில். அந்த வண்டியைப் பார்க்கப் போகிறவர்கள் அதையும் ஒருமுறை பார்த்துவிட்டு வர வேண்டும்.