காளத்தியின் கரிக்கோடுகள்

திருப்பதியில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுள் திருக்காளத்திக்குச் சென்று வழிபடாதார் ஒருவரும் இரார். கண்ணப்பர் வரலாற்றைக் குழந்தைகளுக்குக் கூறியவாறே பொன்முகலிக் கரையில் நடக்கின்றோம். ஆயின், அவ்வூரிலேயே துணிமீது மூங்கிற்கோலால் தெய்வ வடிவங்களை எழுதும் குடும்பங்கள் வாழ்வதை நம்மிற் பலர் நோக்காமலே திரும்பிவிடுகின்றோம். யாமும் பல்லாண்டுகள் அவ்வாறு திரும்பியவர்களே.

எம்மை அங்கு நிற்கவைத்தது ஒரு பழைய டிராயிங் நோட்டு. எடைக்குப் போடக் கட்டிவைத்த தாள்களுக்கிடையிலிருந்து அது நழுவி விழுந்தது. எம் பாட்டனார் கைப்பட வரைந்தது. கோபுரம், மாட்டுவண்டி, உறங்கும் நாய், இவற்றிடையே கண்ணப்பர். தம் கண்ணைப் பெயர்க்குமுன் இறைவன் கண்ணில் அடையாளமாக ஊன்றிய அந்தப் பாதத்தை மட்டும் பாட்டனார் நான்கு முறை வரைந்து பார்த்திருந்தார். நான்காவதும் நன்கு அமையவில்லை. பாட்டனார் என்பதற்காகப் பொய் கூறலாகுமா?

காளத்தியார் இக்கலையைக் கலம்காரி என்பர். கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் தோய்த்து உலர்த்திய துணியில், சுட்ட புளியங்குச்சியின் கரியால் முதற்கண் உருவம் வரைவர். பின்னர், கூர்சீவிய மூங்கிலில் கம்பளி சுற்றி நூலாற் கட்டிய கோலை, இரும்பும் வெல்லமும் நாட்கணக்கில் ஊறிய நீரில் தோய்த்து, அக்கோட்டின்மீதே எழுதுவர். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் கூடியவுடன் கருநிறம் பிறக்கும். கரிக்கோட்டைத் தட்டிவிடலாம், இக்கோட்டை அழிக்கவியலாது. அதன்பின் படிகாரமிட்டுச் சிவப்பேற்றி, ஓடும் நீரில் அலசுவர். முடிந்த துணி வாங்கியவருடன் சென்றுவிடும். அதன் அடியிலிருந்த கரிக்கோடோ நீரோடு போய்விடும். எழுதியவர் வீட்டில் எஞ்சுவது யாது? மகனுடைய கையிற் படிந்த பழக்கம் ஒன்றே.

அப்பழக்கமும் இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அற்றுப்போகும் நிலையை அடைந்தது. துணி எழுதுவிப்போர் அருகினர்; இளைஞர் வேறு தொழில் நாடினர். சித்தூர் மாவட்டம் 1953-இல் சென்னை இராச்சியத்திலிருந்து பிரிந்து ஆந்திரத்துடன் சேர்ந்த காலம் அது. (காளத்தி 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது.) கமலாதேவி சட்டோபாத்யாயர் தலைமையில் இயங்கிய அகில இந்தியக் கைவினைப்பொருள் வாரியம் 1957-இல் காளத்தியில் ஒரு பயிற்சி நிலையத்தைத் தொடங்கிற்று. அங்கு ஆசிரியராய் அமர்ந்தவர் ஜொன்னலகட்டா லட்சுமையா. அவருடைய மைந்தர் குரப்ப செட்டி தந்தையாரிடமே கோல்பிடிக்கக் கற்றார், பலருக்குக் கற்பித்தார், 2008-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். தந்தை எழுதிய துணிகள் எங்கெங்கோ சென்றிருக்கலாம். அவர் கைவழி ஊரிலேயே நின்றது. நம் சோழநாட்டிலும் சிக்கல்நாயக்கன்பேட்டை முதலிய ஊர்களில் இதே கலை உண்டு. அதனை எழுதத் தனிக் கட்டுரை வேண்டும்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று நோட்டை எடுத்துக்கொண்டு காளத்தி சென்றோம். ஓவியர் ஒருவர் கைவேலையை நிறுத்திவிட்டு ஏடுகளைப் பொறுமையுடன் புரட்டினார். பாதங்கள் நான்கையும் கண்டு முறுவலித்து, “தாத்தகாரு விரலிலிருந்து தொடங்கியிருக்கிறார். நாங்கள் குதிகாலிலிருந்து தொடங்குவோம்” என்றார். கரித்துண்டை எடுத்துத் துணியோரத்தில் ஒரே இழுப்பில் அப்பாதத்தை வரைந்தும் காட்டினார். யாம் வியந்து நிற்கையிலேயே புறங்கையால் அதனைத் தட்டிவிட்டார்.

நோட்டின் இறுதியில் பதினொரு தாள்கள் வெறுமையாய் இருந்தன. எம் இளைய மகள் இப்பொழுது அவற்றில் பாதங்களையே வரைந்துகொண்டிருக்கின்றாள், குதிகாலிலிருந்து தொடங்கி.