மட்டாஞ்சேரிக்கு வருமான வரி வந்த கதை

ஃபோர்ட் கொச்சியிலிருந்து மட்டாஞ்சேரிக்கு நடந்தே போய்விடலாம். ஒன்று எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்று ஆட்டோக்காரரைக் கேட்டால் சிரிப்பார். ஆனால் சுதந்திரம் வந்து இரண்டரை ஆண்டு கழியும்வரை இரண்டும் வேறு வேறு வரிச் சட்டங்களின் கீழ் இருந்தன. ஃபோர்ட் கொச்சி பிரிட்டிஷ்காரர் கையில், சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு துண்டு. மட்டாஞ்சேரி கொச்சி மகாராஜாவின் சமஸ்தானம். மிளகும் சுக்கும் ஏலமும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்த கிடங்குகள் மகாராஜா பக்கம்.

பிரிட்டிஷ் பக்கத்துக்கு வரி வந்தது 1860-ல். 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவில் கஜானா காலி. அதைச் சரிக்கட்ட லண்டனிலிருந்து கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டவர் ஜேம்ஸ் வில்சன். தொப்பித் தொழிலில் தொடங்கி, ‘தி எகானமிஸ்ட்’ பத்திரிகையை நிறுவியவர். 1860 பிப்ரவரி 18 அன்று பட்ஜெட் வாசித்தார். ஜூலை 24-ல் சட்டம் வந்தது. ஆண்டு வருமானம் 200 ரூபாய்க்குக் கீழே என்றால் வரி இல்லை. 500 வரை நூற்றுக்கு 2 ரூபாய், அதற்கு மேல் 4. சட்டம் வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, சீதபேதியில் வில்சன் கல்கத்தாவிலேயே இறந்துபோனார்.

இந்த வரியை உரக்க எதிர்த்தவர் வேறு யாருமல்ல, சென்னை கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யன். தன் ஆட்சேபக் குறிப்பைப் பத்திரிகைகளில் வெளிவரச் செய்துவிட்டார். பதவி போயிற்று. பிறகு அதே மனிதர் இந்தியாவின் நிதி உறுப்பினராகத் திரும்பி வந்தார். அவர் காலத்திலேயே, 1865-ல், வரி காலாவதியானது. அதற்குப்பின் லைசென்ஸ் வரி, சர்டிபிகேட் வரி என்று பெயர் மாறி மாறி வந்து, 1886 சட்டத்தில்தான் வருமான வரி நிலைத்து உட்கார்ந்தது. வில்சன் நிலத்து வருமானத்தையும் விட்டுவைக்கவில்லை. 1886 சட்டம் விவசாய வருமானத்துக்கு விலக்குக் கொடுத்தது. மத்திய வரியில் அந்த விலக்கு இன்றும் உண்டு. இடுக்கியில் கொடியிலிருந்து பறித்து விற்கும் மிளகு விவசாய வருமானம். அதே மிளகை வாங்கி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் கைமாற்றினால் வியாபார லாபம். பண்டம் ஒன்றுதான், யார் கையில் எந்த வேலைக்காக இருக்கிறது என்பதுதான் வரியைத் தீர்மானிக்கிறது.

எல்லைக் கதைக்கு வருவோம். பிரிட்டிஷ் இந்தியாவின் 1922 சட்டத்தில் 14-ஆம் பிரிவுக்குள் பின்னாளில் ஓர் உட்பிரிவு வந்தது. சமஸ்தானத்தில் ஈட்டிய லாபம் அங்கேயே கிடந்தால் பிரிட்டிஷ் வரி இல்லை. பிரிட்டிஷ் எல்லைக்குள் கொண்டுவந்தால் வரி. மற்ற ஊர்களில் இது ரயில் ஏறிப் போகும் பணத்தைப் பற்றிய பேச்சு. இங்கே ஒரு நடை தூரம். ஃபோர்ட் கொச்சியில் குடியிருந்து மட்டாஞ்சேரியில் கடை வைத்தவருக்கு, கல்லாப்பெட்டி எந்தத் தெருவில் இருக்கிறது என்பதே வரிக் கேள்வி ஆகிவிடும். எவ்வளவு சம்பாதித்தாய் என்பதோடு எங்கே சம்பாதித்தாய் என்றும் அதிகாரி கேட்பார்.

சமஸ்தானமும் சும்மா இருக்கவில்லை. கொல்லம் ஆண்டு 1117-ல், அதாவது 1941-42-ல், கொச்சி தனக்கென்று ஒரு வருமான வரிச் சட்டம் இயற்றியது. 1949 ஜூலை 1-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. 1950 ஏப்ரல் 1 முதல் இந்திய வருமான வரிச் சட்டமே இங்கும் செல்லும் என்றானது. வழக்கு அதோடு ஓயவில்லை. 1950-க்கு முந்தைய கணக்குகளைப் பழைய சட்டப்படி மறுபடி திறக்கலாமா என்ற சண்டை உச்ச நீதிமன்றம் வரை போய், திறக்கலாம் என்று 1958-ல் தீர்ப்பானது.

அப்புறம் ஆண்டுக் குழப்பம். அரசாங்கத்துக்கு 1867 முதல் ஏப்ரல்-மார்ச். மலையாளிக்குச் சிங்ஙம் மாதத்தில் புத்தாண்டு. மட்டாஞ்சேரி குஜராத்திகளுக்குத் தீபாவளியில் புதுக்கணக்கு. யார் எந்த ஆண்டைப் பிடித்துக் கணக்கு முடித்தாலும் சட்டம் வெகுகாலம் அனுமதித்தது. 1989-ல்தான் எல்லோருக்கும் மார்ச் 31 என்று ஆக்கியது. ‘முந்தைய ஆண்டு’, ‘மதிப்பீட்டு ஆண்டு’ என்று இரண்டு வைத்துக் குழப்பியதையும் 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும் புதிய சட்டம் ஒழித்து, ‘வரி ஆண்டு’ என்று ஒன்றாக்கியிருக்கிறது. நல்ல காரியம், முன்பே செய்திருக்கலாம்.

இனி ஒரு கணக்கு. பஜார் ரோட்டுக் கம்பெனி ஒன்றில் ஒருவருக்கு 2025-26-ல் ஆண்டுச் சம்பளம் 9 லட்சம் என்று வையுங்கள். புதிய வரி விகித முறையில் நிலையான கழிவு 75,000 போக 8,25,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், 20,000. மீதி 25,000-க்கு 10 சதவீதம், 2,500. ஆக 22,500. ஆனால் கழிவு போன வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாததால் அது முழுக்கத் தள்ளுபடி. “வரியே இல்லையே, ரிட்டர்ன் எதுக்கு சார்?” என்று இங்கேதான் பலரும் கேட்பார்கள். வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினாலே ரிட்டர்ன் கட்டாயம். தள்ளுபடி வரிக்குத்தான், ரிட்டர்னுக்கு இல்லை. வங்கி டெபாசிட் வட்டியில் டிடிஎஸ் பிடித்திருந்தால் அந்தப் பணம் திரும்பி வருவதும் ரிட்டர்ன் போட்டால்தான். சம்பளம் 15 லட்சம் என்றால் தள்ளுபடி கிடையாது. 4 சதவீத செஸ் சேர்த்து 97,500 ரூபாய் வரி.

சம்பளக்காரர்களுக்கு ரிட்டர்ன் போடக் கடைசி நாள் ஜூலை 31. உட்காருமுன் கம்பெனி தந்த ஃபார்ம் 16-ஐயும், துறையின் தளத்தில் உங்கள் பெயரில் இருக்கும் ஏஐஎஸ் அறிக்கையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மறந்துபோன வட்டி அதில் இருக்கும். அனுப்பியதோடு வேலை முடியவில்லை. 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி போன்ற ஒரு வழியில் சரிபார்க்க வேண்டும். சரிபார்க்காத ரிட்டர்ன் செல்லாது.