குண்டூர் கிரகணமும் ரூதர்ஃபோர்டின் குண்டும்

அணு என்றதும் பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்த வரிசைதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். டால்டன், தாம்சன், ரூதர்ஃபோர்டு, போர், சாட்விக். ஆளுக்கு ஒரு படம், ஆளுக்கு ஐந்து மார்க். எல்லாம் மான்செஸ்டரிலும் கேம்பிரிட்ஜிலும் நடந்த கதை, நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துக்கொண்டே பரீட்சை எழுதிவிட்டு வந்துவிடுவோம்.

ஆனால் ரூதர்ஃபோர்டு அணுவை உடைத்துப் பார்க்கப் பயன்படுத்திய குண்டு இருக்கிறதே, ஆல்ஃபா துகள், அது ஹீலியம் என்ற தனிமத்தின் உட்கரு. அந்த ஹீலியத்தின் ஒளி மனிதர்கள் கண்ணில் முதலில் பட்ட இடங்களில் ஒன்று நம் பக்கத்து ஆந்திரா. இந்தக் கதையில் யாருக்கு எவ்வளவு பெயர் போய்ச் சேர்ந்தது என்பதுதான் என்னை இதை எழுத வைத்தது. (காமர்ஸ் படிப்பவனுக்கு இயற்பியல் எதற்கு என்று கேட்கப் போகும் நண்பர்களுக்கு: வரவு யார் கணக்கில் எழுதப்பட்டது என்று பார்ப்பது எங்கள் வேலைதானே!)

முதலில் ஒரு சின்ன அடுப்படி விஷயம். கேஸ் அடுப்பின் நீலச் சுடரில் ஒரு சிட்டிகை உப்பு விழுந்தால் சட்டென்று மஞ்சளாக எரியும், பார்த்திருப்பீர்கள். அது உப்பில் உள்ள சோடியத்தின் மஞ்சள். அந்த ஒளியை ஒரு முப்பட்டகம் வழியாகப் பிரித்துப் பார்த்தால் மிக அருகருகே இரண்டு மஞ்சள் கோடுகள் தெரியும். 589.0, 589.6 நானோமீட்டர். இவற்றுக்கு டி கோடுகள் என்று பெயர். ஒவ்வொரு தனிமத்துக்கும் இப்படிச் சொந்தமாக ஒரு கோட்டு வரிசை உண்டு, கைரேகை மாதிரி. 1860 வாக்கில் ஜெர்மனியில் கிர்ச்சாஃபும் புன்சனும் இதை நிறுவினார்கள். ஏன் அப்படி என்று அப்போது யாருக்கும் தெரியாது. காரணம் அணுவுக்குள் இருக்கிறது, ஆனால் அணு என்று ஒன்று இருக்கிறதா என்பதே அப்போது வாக்குவாதம்தான்.

இந்தக் கருவியைச் சூரியன் பக்கம் திருப்ப நல்ல சந்தர்ப்பம் 1868 ஆகஸ்ட் 18 அன்று வந்தது. முழு சூரிய கிரகணம். நிழல் தக்காணத்தைக் குறுக்கே கடந்து, வங்காள விரிகுடாவைத் தாண்டி சயாம் வரை போனது. (சயாம் மன்னர் மோங்குட் இந்தக் கிரகணத்தைத் தானே கணக்கிட்டு, காட்டுப் பகுதிக்குப் போய்ப் பார்த்தார். அங்கே பிடித்த மலேரியாவில் அக்டோபரில் இறந்தே போனார்.)

குண்டூரில் ஒரு பிரெஞ்சு வணிகர் வீட்டில் தொலைநோக்கியை நிறுத்திக்கொண்டு காத்திருந்தவர் பாரிஸிலிருந்து வந்த ஜூல் ஜான்சன். அதே ஊரில் மேஜர் டென்னன்ட் தலைமையில் ஒரு ஆங்கிலேயக் குழு. மேற்கே ஜம்கண்டியில் இன்னொரு குழு. கிழக்கே மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் தலைவர் நார்மன் பாக்சன். ஆகஸ்ட் மாத மேகத்தை நம்பி இத்தனை பேர் வந்தார்கள் என்பதே பெரிய விஷயம். நம்ம ஊருக்கு அந்த வலி தெரியும். வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடப்பதைப் பார்க்க லெ ஜான்தீய் என்ற பிரெஞ்சுக்காரர் 1761ல் வந்தபோது புதுச்சேரியை ஆங்கிலேயர்கள் பிடித்துவிட்டார்கள், இறங்கவே முடியவில்லை. எட்டு வருடம் இந்தப் பக்கமே சுற்றிவிட்டு 1769ல் புதுச்சேரியிலேயே தொலைநோக்கி வைத்துக் காத்திருந்தார். அன்று காலை மேகம் மூடிவிட்டது. பாவம்!

ஜான்சனுக்கு அந்தக் கதி நேரவில்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் சூரியன் மறைந்திருந்தது. விளிம்பிலிருந்து தீ நாக்குகள் போல எழும்பும் பகுதிகளைத் தன் கருவியில் பார்த்தார். பளிச்சென்ற ஒளிக்கோடுகள். அப்படியானால் அவை எரியும் வாயு, பெரும்பாலும் ஹைட்ரஜன். கோடுகள் இருந்த பிரகாசத்தைப் பார்த்ததும், இவற்றைப் பார்க்கக் கிரகணமே தேவையில்லை என்று அவருக்குத் தோன்றிவிட்டது. மறுநாள் காலை சாதாரண வெயிலிலேயே பார்த்தும் காட்டினார். அது உண்மையிலேயே பெரிய சாதனை.

செப்டம்பர் 19 அன்று காக்கிநாடாவிலிருந்து (நம்ம ஏனாமுக்குப் பக்கத்து ஊர்தான்) பாரிஸ் அறிவியல் கழகத்துக்குக் கடிதம் போட்டார். கடிதம் கப்பலில் போய்க்கொண்டிருக்கும்போதே, அக்டோபர் 20ல், இங்கிலாந்தில் நார்மன் லாக்கியர் என்பவர் கிரகணம் இல்லாமலே அதே கோடுகளைப் பார்த்துவிட்டார். லாக்கியர் அப்போது போர்த்துறை அலுவலகத்தில் குமாஸ்தா! பகலில் ஃபைல், மற்ற நேரத்தில் சூரியன். இருவரின் தகவலும் அக்டோபர் 26 அன்று ஒரே கூட்டத்தில் வாசிக்கப்பட்டன. சண்டை போடாமல் இருவருக்கும் சேர்த்து பிரான்ஸ் 1872ல் ஒரே பதக்கம் வெளியிட்டது.

இங்கேதான் பாடப்புத்தகங்கள் அவசரப்படுகின்றன. "1868ல் ஜான்சன் ஹீலியத்தைக் கண்டுபிடித்தார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அவர் கண்டுபிடித்தது பார்க்கும் முறையை. புதுத் தனிமம் என்று அவர் எதுவும் சொல்லவில்லை. கோடுகளில் மஞ்சளாக ஒன்று இருந்தது. அன்று பார்த்தவர்களில் அநேகம் பேர் அதை சோடியத்தின் டி கோடு என்றே எடுத்துக்கொண்டார்கள். 'டி கோட்டில், அல்லது அதற்கு அருகில்' என்று தயங்கி எழுதியவர் மசூலிப்பட்டினத்தில் இருந்த பாக்சன். அந்தத் தயக்கம்தான் சரியாக இருந்தது. உண்மையில் அந்தக் கோடு 587.6ல் இருக்கிறது. சோடியத்திலிருந்து இரண்டு நானோமீட்டர்கூட விலகல் இல்லை.

பாக்சனின் அறிக்கை சென்னையிலேயே அச்சாகி, சென்னையிலேயே தங்கிவிட்டது என்று சொல்லலாம். லண்டன் பெரியவர்களோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. நட்சத்திரங்களின் பிரகாசத்தை அளக்க இன்றைக்கும் பயன்படும் அளவுகோலை 1856ல் முன்வைத்தவர் அவர். 1861ல் சென்னைக்கு வந்து, 1891ல் சாகும்வரை அங்கேயே இருந்தார். அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி அதே கிரகணத்துக்கு வனபர்த்தியில் தனிக் குழுவை நடத்தினார். பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்திலிருந்து வந்தவர், 1867ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தவர். இவர் பெயரைப் பள்ளிப் புத்தகத்தில் நான் பார்த்ததே இல்லை.

அந்த மஞ்சள் கோடு சோடியமும் இல்லை, ஹைட்ரஜனும் இல்லை, பூமியில் தெரிந்த எதுவும் இல்லை என்று அடித்துச் சொன்னவர் லாக்கியர். சூரியனுக்கான கிரேக்கச் சொல்லை வைத்து ஹீலியம் என்று பெயர் வந்தது. உலோகம் என்று நினைத்ததால்தான் அந்த 'இயம்' வால். வேதியியலாளர்கள் பலர் நம்பவில்லை. எங்கள் பாஷையில் சொன்னால் சஸ்பென்ஸ் அக்கவுண்ட். எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக ஒதுக்கி வைப்போமே, அப்படி 27 வருடம் கிடந்தது :)

1895ல் லண்டனில் வில்லியம் ராம்சே, ஆர்கான் கிடைக்குமா என்று யுரேனியம் கலந்த கிளீவைட் கனிமத்தை அமிலத்தில் இட்டார். வெளியே வந்த வாயுவில் அதே மஞ்சள் கோடு!

சூரியனில் இருப்பது யுரேனியப் பாறைக்குள் ஏன் இருக்க வேண்டும்? இந்தக் கேள்விதான் கதையை அணுவுக்குள் கொண்டு போகிறது. யுரேனியம் போன்ற தனிமங்கள் ஆல்ஃபா துகள்களை உமிழ்கின்றன என்று ரூதர்ஃபோர்டு ஏற்கெனவே பிரித்துக் காட்டியிருந்தார். அந்தத் துகள் எது என்பதை மான்செஸ்டரில் ராய்ட்ஸ் என்பவருடன் சேர்ந்து செய்த சோதனையில் முடித்து வைத்தார். முடிவு 1909ல் வெளியானது. சோதனை அழகானது: ஆல்ஃபா மட்டும் ஊடுருவும் அளவுக்கு மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் ரேடான் வாயு, அதைச் சுற்றி காற்று நீக்கிய இன்னொரு குழாய். சில நாட்கள் காத்திருந்து வெளிக் குழாயில் மின்சாரம் பாய்ச்சினால், அதே மஞ்சள் கோடு. குண்டூர் வானத்தில் தெரிந்தது கண்ணாடிக் குழாய்க்குள் வந்து நின்றது.

அதே காலத்தில் அதே ஆய்வகத்தில் கைகரும் மார்ஸ்டனும் ஆல்ஃபா துகள்களை மெல்லிய உலோகத் தகடுகள் மீது பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மார்ஸ்டனுக்கு அப்போது 20 வயது, பட்டப்படிப்பு மாணவர், நம்ம வயசு. அநேகமாக எல்லாத் துகள்களும் நேராகப் போய்விட, சுமார் 8000க்கு ஒன்று திரும்பி வந்தது. அணுவின் எடை முழுவதும் மையத்தில் ஒரு புள்ளியில் குவிந்திருந்தால்தான் இது நடக்கும் என்று 1911ல் ரூதர்ஃபோர்டு கணக்குப் போட்டார். எவ்வளவு சின்ன புள்ளி? புல்வார்டுக்குள் அடங்கும் நம் பழைய ஊர் முழுவதும் ஒரு தங்க அணு என்றால், பாரதி பூங்கா ஆயி மண்டபத்தில் வைத்த ஒரு சாத்துக்குடிதான் உட்கரு. மீதி ஊரில் எலக்ட்ரான்களைத் தவிர வேறெதுவும் கிடையாது.

1919ல் ஆல்ஃபாவை நைட்ரஜன் மீது அடித்தபோது புரோட்டான் வெளிவந்தது. 1932ல் பெரிலியம் மீது அடித்ததில் கிளம்பிய கதிரை ஆராய்ந்து சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்தார். குண்டு மாறவே இல்லை. கோடுகள் ஏன் வருகின்றன என்ற பழைய கேள்விக்கு 1913ல் போர் பதில் சொன்னார்: எலக்ட்ரான் ஒரு ஆற்றல் நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது வரும் ஒளி அது. அவர் கொள்கைக்கு வந்த முதல் சோதனைகளில் ஒன்றும் ஹீலியம்தான். ஹைட்ரஜனுடையவை என்று நம்பப்பட்ட சில நட்சத்திரக் கோடுகள், ஒரு எலக்ட்ரானை இழந்த ஹீலியத்துடையவை என்றார். மான்செஸ்டரில் சோதித்தார்கள், அவர் சொன்னது சரி.

ஜான்சன் அப்புறம் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். 1870ல் பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டிருந்தபோது, அல்ஜீரியாவில் தெரியும் கிரகணத்தைப் பார்க்க பலூனில் ஏறி முற்றுகையைத் தாண்டிப் பறந்தார். போய்ச் சேர்ந்தும்விட்டார். அங்கே மேகம்.

பாக்சன் நின்ற மசூலிப்பட்டினத்தில் ஒரு சின்ன பிரெஞ்சு லோஜ் 1947 வரை புதுச்சேரி நிர்வாகத்தின் கீழ் இருந்தது. அவர் வேலை பார்த்த சென்னை வானாய்வகத்தின் கருங்கல் தூண் நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இன்னும் நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். சூரியனைப் பார்க்கும் வேலை 1899ல் கொடைக்கானலுக்குப் போனது, அங்கே இன்னும் நடக்கிறது.