கொம்பு இங்கே... குதிரை எங்கே?

ஃபேன்டசி விளையாட்டுகளை உருவாக்குகிறவர்களுக்கு ஒரு தலைவலி உண்டு. தெருவுக்கு நாலு மந்திரவாதி இருக்கிற உலகம் என்றால் பிரச்னையில்லை. டிராகன், பறக்கும் குதிரை என்று எதை வேண்டுமானாலும் இறக்கிவிடலாம். மந்திரமே அபூர்வமான உலகம் என்றால்..? அங்கே ஒரு மாய மிருகம் பத்துப் பேர் கண்ணில் பட்டாலே மவுசு போச்சு. காட்டவே இல்லையென்றால், இருந்தும் பிரயோஜனமில்லை.

இதற்கான வழி சரித்திரத்தில் இருக்கிறது. மிருகத்தைக் காட்டாதே, கொம்பை மட்டும் காட்டு. கூடவே விலையைச் சொல்! யூனிகார்ன் என்கிற ஒற்றைக்கொம்புக் குதிரையை வைத்து ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் நடந்த வியாபாரம் இதுதான்.

ஆரம்பித்து வைத்தவர் க்டீசியஸ் என்ற கிரேக்கர். கி.மு. 400 வாக்கில் பாரசீக அரண்மனையில் வைத்தியராக இருந்தவர். 'இந்தியாவில் ஒற்றைக் கொம்புள்ள காட்டுக் கழுதைகள் உண்டு. அந்தக் கொம்பில் குடித்தால் விஷம் ஏறாது, வலிப்பு வராது' என்று எழுதிவைத்தார். யாரோ சொன்ன காண்டாமிருகக் கதையாக இருக்கலாம். 13-ம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ சுமத்ராவில் நிஜமாகவே காண்டாமிருகத்தைப் பார்த்தார். இதுதான் யூனிகார்ன் என்று நினைத்து நொந்துபோனார். சேற்றில் புரள்கிறது, பார்க்கவே சகிக்கவில்லை என்றார். மிருகத்தை நேரில் பார்த்தால் இப்படித்தான் ஆகும்!

ஆனால், ராஜாக்களுக்கு விஷ பயம் நிஜம். சாப்பாட்டில் யார் எதைக் கலப்பார்கள் என்று தெரியாது. ஆகவே, முறுக்கு முறுக்காக நீண்ட, தந்தம் போன்ற கொம்புகள் கஜானாக்களில் சேர்ந்தன. 1598-ல் இங்கிலாந்தைச் சுற்றிப் பார்க்க வந்த பால் ஹென்ட்ஸ்னர் என்ற ஜெர்மானியர், விண்ட்சர் கோட்டையில் இருந்த கொம்பின் மதிப்பு 10,000 பவுண்டுக்கும் மேல் என்று குறித்திருக்கிறார். அந்தக் காலத்துப் பவுண்டு, சார்!

இன்னொரு கொம்பு கடல் வழியாக வந்தது. 1577-ல் மார்ட்டின் ஃப்ரோபிஷர் கனடாவின் வடகோடிக்குக் கப்பலில் போனார். தங்கம் என்று நம்பி இருநூறு டன் கல்லை அள்ளி வந்தார். அது கடைசியில் தேறவில்லை. வழியில் ஒரு பெரிய மீன் செத்து ஒதுங்கிக் கிடந்தது. மூக்கருகே கிட்டத்தட்ட ஆறடிக் கொம்பு! உள்ளே பொந்து. மாலுமிகள் அதில் சிலந்திகளைப் போட்டார்களாம். உடனே செத்தனவாம். சிலந்தி என்றாலே விஷ ஜந்து என்று நம்பிய காலம். போதாதா? 'கடல் யூனிகார்ன்' என்று முடிவுகட்டி, எலிசபெத் ராணியிடம் சேர்த்துவிட்டார்கள். இதை எழுதிவைத்த கப்பல் அதிகாரி, 'நான் கண்ணால் பார்க்கவில்லை, சொன்னார்கள்' என்று ஜாக்கிரதையாக ஒரு வரி சேர்த்திருக்கிறார். பிழைக்கத் தெரிந்த மனுஷன்.

அது மீனும் இல்லை, கொம்பும் இல்லை. நார்வால் என்ற திமிங்கில வகையின் பல்! ஆண் நார்வாலின் இடதுபக்கப் பல் உதட்டைக் கிழித்துக்கொண்டு பத்தடி வரைகூட வளரும். ஆர்க்டிக்கின் இனுயிட் மக்களுக்கு இதில் ரகசியமே கிடையாது. மரம் கிடைக்காத ஊர். ஆகவே பல்லை ஈட்டிக்குத் தண்டாகப் போட்டார்கள். தோலைத் தின்றார்கள். பொருள் கிளம்பிய இடத்தில் ஈட்டித் தண்டு, போய்ச் சேர்ந்த இடத்தில் விஷமுறிவு மருந்து. இடையில் எத்தனை கை மாறியதோ, அத்தனை லாபம். ஒரு நார்வாலைக் கரைக்குக் கொண்டுவந்து காட்டியிருந்தால் மார்க்கெட் படுத்திருக்கும்.

காட்டியேவிட்டார் ஒருவர். 1638-ல் கோபன்ஹேகனில் ஓலே வோர்ம் என்ற டாக்டர், இந்தக் கொம்புகள் நார்வாலுடையவை என்று மண்டையோட்டோடு நிரூபித்தார். ஆனாலும் ஒரு சபலம்... விஷத்தை முறிக்குமோ? பிராணிகளுக்கு விஷம் வைத்து, பல்லை அரைத்துக் கொடுத்துப் பார்த்தார். பிழைத்தன என்றே எழுதினார்! லண்டன் ராயல் சொஸைட்டியில் 1661-ல் கொம்புத் தூளால் வட்டம் போட்டு நடுவில் ஒரு சிலந்தியை விட்டார்கள். அது பாட்டுக்கு ஓடிப்போனது.

மார்க்கெட் சரிந்ததா? உடனே இல்லை. வோர்ம் பேசிய அதே கோபன்ஹேகனில், அதே டென்மார்க் ராஜ குடும்பம், 1660-களில் புது சிம்மாசனம் செய்தது. தூண்களெல்லாம் நார்வால் பல். 1671-ல் ஐந்தாம் கிறிஸ்டியன் அதில் அமர்ந்தார். 1840 வரை டென்மார்க் ராஜாக்களின் முடிசூட்டு விழாவுக்கு அந்த நாற்காலிதான். இப்போது ரோஸன்போர்க் மாளிகையில் இருக்கிறது. முன்னால் காவலுக்கு மூன்று வெள்ளிச் சிங்கங்கள்.