மணி பிளாண்ட்: கை மாறிக் கை மாறி வந்த கொடி

கோட்டுச்சேரிமேடு. காரைக்காலுக்கு வடக்கே, கடலை ஒட்டிய மீனவ ஊர். இங்கே மட்டுமல்ல, காரைக்கால் பக்கம் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். ஜன்னல் கம்பியில் கட்டிய ஒரு பாட்டில். பாட்டிலுக்குள் தண்ணீர். அந்தத் தண்ணீரிலிருந்து கிளம்பி, கம்பியைச் சுற்றிக் கொண்டு கீழே தொங்கும் ஒரு பச்சைக் கொடி. இலையெல்லாம் மஞ்சள் தெளித்த மாதிரி திட்டுத் திட்டாக இருக்கும். பாட்டில் எங்கே கிடைத்தது என்று கேட்கவே வேண்டாம்... காரைக்காலில் காலி பாட்டிலுக்குப் பஞ்சமா என்ன? :-)

அதுதான் மணி பிளாண்ட். இந்தக் கொடியைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்த விஷயங்கள் மூன்று. ஒன்று, வீட்டில் வைத்தால் பணம் வரும். இரண்டு, காசு கொடுத்து வாங்கக் கூடாது, அடுத்த வீட்டிலிருந்து திருடி வந்து வைத்தால்தான் பலிக்கும். மூன்றாவதைக் கொஞ்சம் மெல்லிய குரலில் சொல்வார்கள்: கொடி வாடினால் அந்த வீட்டுக்கு ஆகாது.

இந்த மூன்றில் எது உண்மை? ஜோசியரிடம் போக வேண்டாம். செடியின் வரலாற்றைப் புரட்டினாலே பதில் கிடைக்கிறது.

பிறந்த ஊர் எது?

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வெப்பநாட்டுச் செடிகள் மேல் ஒரு பைத்தியமே இருந்தது. பணக்காரர்கள் கண்ணாடி வீடு கட்டி அதற்குள் ஆர்க்கிட், பெரணி, பனை என்று வளர்த்தார்கள். ஆனால் மாதக்கணக்கில் கப்பலில் வரும் செடிகள் உப்புக்காற்று பட்டுப் பாதி வழியிலேயே செத்துவிடும். லண்டன் டாக்டர் நத்தானியேல் வார்டு 1829ல் ஒரு விஷயத்தைக் கவனித்தார். மூடிய கண்ணாடி ஜாடிக்குள் ஈரம் சுற்றிச் சுற்றி வருவதால், தண்ணீர் ஊற்றாமலே செடி உயிரோடு இருந்தது. இதை வைத்து அவர் செய்த கண்ணாடிப் பெட்டிகள் 1830களில் கப்பல் ஏறின. அதன்பின் செடிகள் கண்டம் விட்டுக் கண்டம் போவது சுலபமாகிவிட்டது.

இந்த வியாபாரத்தில் பெரிய கை ழான் லிண்டன். லக்சம்பர்க்கில் பிறந்தவர், பெல்ஜியத்தில் நர்சரி நடத்தியவர். அவரும் எத்வார் ஆந்த்ரே என்ற தோட்டக்கலைஞரும் சேர்ந்து 1880ல் மஞ்சள் திட்டு போட்ட ஒரு கொடியை அறிமுகம் செய்தார்கள். வைத்த பெயர் போத்தோஸ் ஔரியஸ். ஔரியஸ் என்றால் லத்தீனில் பொன்னிறம். இது சாலமன் தீவுகளிலிருந்து வந்தது என்றார்கள்.

அந்த விலாசம் தப்பு!

கொடியின் சொந்த ஊர் சாலமன் தீவு இல்லை, பசிபிக் கடலில் தஹிதிக்குப் பக்கத்தில் இருக்கும் மோரேயா என்ற சின்னத் தீவு. இன்றைக்கு அது பிரெஞ்சு பொலினீசியாவில் இருக்கிறது. தஹிதி அரசர் ஐந்தாம் பொமாரே தன் நாட்டை பிரான்சிடம் ஒப்படைத்ததும் இதே 1880ல்தான். மோரேயாவும் அதோடு சேர்ந்து போனது. அப்போது காரைக்காலிலும் பிரெஞ்சுக் கொடிதான். 1739ல் வந்த பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1 வரைக்கும் இங்கே இருந்தார்கள். ஆக, கோட்டுச்சேரிமேட்டு ஜன்னலில் தொங்கும் கொடியின் ஊரும் காரைக்காலும் முக்கால் நூற்றாண்டு காலம் ஒரே ஆட்சியின் கீழ் இருந்திருக்கின்றன. சரித்திரத்தில் இப்படியும் ஒரு சொந்தம்!

பெயர் மாறிய கதை

ஊரில் குழப்பம் என்றால் பெயரில் அதைவிடக் குழப்பம். செடிகளை வகைப்படுத்தப் பூவைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள். இந்தக் கொடியோ பூக்கவே மாட்டேன் என்கிறது. பூவைப் பார்க்காமல் எந்தக் குடும்பக் கிளையில் வைப்பது? 1880ல் போத்தோஸ் ஆக இருந்தது பிறகு சிண்டாப்சஸ் ஆனது. 1962ல் அபூர்வமாக ஒரு பூ கிடைத்தது. உடனே ராபிடோஃபோரா என்று மாற்றினார்கள். அந்தப் பூவை இன்னும் கவனமாகப் பார்த்துவிட்டு 1964ல் எபிப்ரெம்னம் ஔரியம் என்றார்கள். நடுவில் கொஞ்ச காலம் வேறு ஒரு இனத்தோடு சேர்த்துவிட்டு, பிறகு மறுபடியும் பிரித்தார்கள். இப்போது நிலைத்திருப்பது எபிப்ரெம்னம் ஔரியம்தான். ஆனாலும் கடைக்காரர்கள் இன்னும் போத்தோஸ் என்கிறார்கள்.

பொதுமக்கள் வைத்த பெயர்களும் சளைத்தவை அல்ல. இருட்டிலும் சாகாததால் பிசாசுக் கொடி. சிலோன் கொடி என்றும் ஒரு பெயர் உண்டு, சிலோனில் பிறக்காவிட்டாலும். நம் ஊரில் மணி பிளாண்ட். வெளிநாட்டில் போய் மணி பிளாண்ட் என்று கேட்டால் வேறு ஏதாவது செடியைக் காட்டக் கூடும். காசு மாதிரி வட்டமான காய் இருக்கும் லூனாரியாவுக்கும், வட்ட இலை இருக்கும் ஒரு சீனச் செடிக்கும் அங்கே அந்தப் பெயர். ஆக 'மணி' என்பது செடிக்குள் இருக்கும் குணம் இல்லை. ஒவ்வொரு ஊரும் தனக்குப் பிடித்த செடியில் ஒட்டிய லேபிள், அவ்வளவுதான்.

பூக்காத கொடி

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம்.

தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவானது 1964ல். அதற்குப் பிறகு இல்லை. ஏன்? 2016ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் சில ஆய்வாளர்கள் இதற்கு விடை கண்டார்கள். பூப்பதற்கு ஜிப்ரலின் என்ற ஹார்மோன் வேண்டும். அதை உண்டாக்கும் மரபணு ஒன்று இந்தக் கொடியில் சரியாக வேலை செய்வதில்லை. அந்த ஹார்மோனை வெளியிலிருந்து தெளித்தபோது கொடி பூத்துவிட்டது!

பூ இல்லை என்றால் காய் இல்லை. காய் இல்லை என்றால் விதை இல்லை. காற்றோ பறவையோ சுமந்து போக எதுவும் இல்லை. அப்படியானால் பசிபிக்கில் ஒரு தீவில் இருந்த செடி உலகம் முழுக்க எப்படி வந்தது?

கணுவைக் கிள்ளித்தான். யாரோ ஒருவர் ஒரு கணுவைக் கிள்ளி, தண்ணீரில் போட்டு, வேர் விட்டதும் இன்னொருவருக்குக் கொடுத்தார். அவர் இன்னொருவருக்கு. கப்பல், நர்சரி, பக்கத்து வீடு, பஸ்ஸில் ஈரத்துணி சுற்றிய ஒரு பொட்டலம். கோட்டுச்சேரிமேட்டில் இருக்கும் கொடியின் பின்னால் போனால், நடுவில் எங்குமே விதை வராது. மனிதக் கைகள் மட்டும்தான் வரிசையாக வரும். யோசித்துப் பாருங்கள், ஆச்சரியமாக இல்லை?

திருட்டும் பேடன்ட்டும்

இங்கேதான் அந்தத் திருட்டு நம்பிக்கை வேறு மாதிரி தெரிகிறது. கிள்ளினால் தாய்க்கொடிக்கு நஷ்டம் இல்லை. வெட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே புதுத் துளிர் வரும். எடுத்தவருக்கு ஒரு செடி இலவசம். கணக்குப் புத்தகத்தில் எழுதினால், ஒரு பக்கம் வரவு, இன்னொரு பக்கம் பற்றே இல்லை! இப்படி ஒரு சரக்கைக் காசுக்கு விற்பது கஷ்டம். 'வாங்காதே, திருடு' என்ற வழக்கம் கடைக்கு வேலை இல்லாமல் இந்தக் கொடியை வீடு வீடாகக் கொண்டு போயிருக்கிறது.

ஆனால் வியாபாரம் சும்மா இருக்குமா? அமெரிக்காவில் 1930லேயே சட்டம் வந்துவிட்டது. விதையில்லாமல் துண்டு வைத்துப் பெருக்கும் புது ரகச் செடிக்குப் பேடன்ட் வாங்கலாம். மணி பிளாண்டில் வெள்ளைத் திட்டு அதிகம் இருக்கும் மார்பிள் குவீன் என்ற ரகம் உண்டு. அதில் தோன்றிய மாற்றங்களிலிருந்து வந்தவை என்ஜாய், பேர்ல்ஸ் அண்ட் ஜேட் போன்ற ரகங்கள். இவற்றுக்கு அங்கே பேடன்ட் கொடுத்திருக்கிறார்கள். என்ஜாய் ரகம் கிடைத்தது நம் இந்தியாவில்தான்! பேடன்ட் காலம் இருக்கும்வரை அந்த ரகத்தைக் கிள்ளி நட்டுப் பெருக்குவது அமெரிக்காவில் சட்டப்படி தப்பு. நம் ஊரில் அதிர்ஷ்டத்துக்காகச் செய்யும் விளையாட்டுத் திருட்டு, அங்கே நிஜமான திருட்டு.

காற்றைச் சுத்தம் செய்யுமா?

பண நம்பிக்கை இல்லாதவர்கள் வேறு ஒன்று சொல்வார்கள்: 'நாசாவே சொல்லியிருக்கு, இது காற்றைச் சுத்தம் பண்ணும்.' 1989ல் நாசா ஆய்வு வந்தது உண்மை. பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்றவற்றைச் செடிகள் குறைத்ததும் உண்மை. ஆனால் அந்தச் சோதனை நடந்தது காற்றே புகாத சின்ன அறைக்குள். 2019ல் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட பல சோதனைகளைத் திரட்டிக் கணக்குப் போட்டார்கள். சாதாரணமாக ஒரு கட்டிடத்தில் காற்று வந்து போவதால் கிடைக்கும் பலன் செடிகளால் கிடைக்க வேண்டுமென்றால், ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் வரை வேண்டும்! அதற்கு ஜன்னலைத் திறந்து வைக்கலாம். கோட்டுச்சேரிமேட்டில் கடல்காற்றுக்குக் காசா கேட்கிறார்கள்?

கண்டியில் நடந்தது

கையால் வந்த கொடி கையை மீறிப் போன கதையும் உண்டு. இலங்கையில் கண்டி நகரத்தின் நடுவே உடவத்தகெலே என்ற காடு இருக்கிறது. அங்கே இந்தக் கொடி தரையை மூடி, மரங்களில் ஏறி, உள்ளூர்ச் செடிகளை முளைக்க விடாமல் செய்கிறது. வீட்டில் உள்ளங்கை அகல இலை விடும் இதே கொடி, மரம் கிடைத்தால் 20 மீட்டர் வரை ஏறும். இலை ஒரு மீட்டர் நீளம் வரை வளரும். விதை இல்லாத செடியால் இது எப்படி முடிகிறது? ஈர மண்ணில் விழுந்த ஒரு கணுவே போதும். வெட்டிய கொடியை வாய்க்கால் ஓரம் வீசுவது சின்ன விஷயம் இல்லை. காய வைத்துவிட்டுத்தான் குப்பையில் போட வேண்டும்.

வாடினால் என்ன அர்த்தம்?

கடைசியாக அந்த மூன்றாவது நம்பிக்கை. கொடி வாடியதும் 'வீட்டுக்கு ஏதோ ஆகப் போகிறது' என்று பயப்படுவதும், புதிதாக வந்த மருமகள் மேல் பழி போடுவதும் இன்னும் நடக்கிறது. கொடிக்கு இதெல்லாம் தெரியாது. அதற்குத் தெரிந்தது வெளிச்சம், தண்ணீர், வேர், இவ்வளவுதான்.

மஞ்சள் திட்டு மறைந்து இலை முழுப் பச்சை ஆகிறதா? வெளிச்சம் போதவில்லை. மஞ்சள், வெள்ளைத் திட்டுகளில் பச்சையம் குறைவு, அதனால் அவை உணவு தயாரிப்பதும் குறைவு. இருட்டில் புது இலைகள் பச்சையாகவே வரும். ஜன்னல் பக்கம் நகர்த்தி, திட்டு இருக்கும் கணு வரைக்கும் வெட்டிவிட்டால் போதும். ஆனால் நேர் வெயில் ஆகாது, இலை கருகிவிடும்.

இலை நுனி பழுப்பாகக் காய்கிறதா? கடலோரத்தில் முதலில் தண்ணீரைச் சந்தேகப்பட வேண்டும். உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றலாம்.

தொட்டியில் இலை மஞ்சளாகி உதிர்கிறதா? பெரும்பாலும் தண்ணீர் அதிகமாகி வேர் அழுகியிருக்கும். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் குறைக்க வேண்டும்.

கொடி நீண்டு, இலை சிறுத்துக் கொண்டே போகிறதா? தொங்கும் கொடியின் குணமே அதுதான். தேங்காய் நார் சுற்றிய குச்சியில் ஏற்றிவிட்டால் இலை பெரிதாகும்.

பாட்டிலில் வைப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது இப்படிப்பட்ட தெளிந்த தண்ணீரில்தான். முட்டை கொசுவாக ஏழெட்டு நாளே போதும். வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றுவதோடு பாட்டிலின் உட்சுவரையும் தேய்த்துக் கழுவ வேண்டும், முட்டை ஒட்டியிருப்பது அங்கேதான்.

குழந்தைகளும் பூனையும் இலையைக் கடிக்காமல் பார்த்துக் கொள்ளவும் வேண்டும். இது சேம்பு, கருணைக்கிழங்கு குடும்பம். கருணைக்கிழங்கு ஏன் நாக்கை அரிக்கிறதோ, அதே ஊசிப் படிகங்கள் இந்த இலையிலும் உண்டு.

கடைசியில்...

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். வருமானம் நின்றுபோகும், கடன் ஏறும். அந்த 61 நாளும் ஜன்னலில் இருக்கும் மணி பிளாண்ட் புது இலை விட்டுக் கொண்டுதான் இருக்கும். பணம் வருவதற்கும் கொடி வளர்வதற்கும் சம்பந்தம் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அதற்காகக் கொடியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பணம் தராவிட்டாலும், கேட்டவருக்கெல்லாம் ஒரு கணு தந்திருக்கிறது. பூக்காத, காய்க்காத ஒரு செடி, மனிதர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்ததாலேயே மோரேயாவிலிருந்து கோட்டுச்சேரிமேடு வரை வந்து சேர்ந்திருக்கிறது.

அடுத்த முறை பக்கத்து வீட்டுக் கொடியில் கை வைக்கும்போது, திருட வேண்டாம். கேட்டுப் பாருங்கள். கண்டிப்பாகக் கொடுப்பார்கள்!